ஓட்டத்தில் அணைந்துபோகும் பிக்கப்: ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

முருங்கைலோடு (ஒட்டன்சத்திரம்)
செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2018 மாடல் பிக்கப், பிஎஸ்4 (புகை அளவு விதி), நாலு சிலிண்டர் காமன் ரயில் டீசல். 1,86,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இங்கே மார்க்கெட்டில் முருங்கை, வெண்டை, தக்காளி ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு, திருச்சூர் வரை போய்வருகிறேன்.

மூன்று வாரமாக ஒரு தொந்தரவு. காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கிறது. முக்கால் மணி நேரம் ஓடியதும், யாரோ சாவியைத் திருப்பியது போலப் பட்டென்று நின்றுவிடுகிறது. புகை இல்லை, இழுவை குறையவில்லை, தடுமாற்றம்கூட இல்லை. அதற்கப்புறம் செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. பானட்டைத் திறந்துவைத்து அரை மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடும். போன வெள்ளிக்கிழமை உடுமலைக்கு முன்னால் அணைந்தபோது பின்னால் ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது. ஸ்டீயரிங் கல் மாதிரி ஆகிவிட்டது, பிரேக்கை இரண்டு காலால் மிதிக்க வேண்டியிருந்தது. உண்மையாகவே பயந்துவிட்டேன்.

மெக்கானிக் ஸ்கேனர் போட்டதில் இரண்டு பழுதுக் குறியீடு (கோடு) வந்தது. பி0335 இன்ஜின் சுற்றுவதைப் பார்க்கும் கிராங்க் சென்சார். பி0642 சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் சப்ளை குறைவு. கிராங்க் சென்சார் புதிதாகப் போட்டாயிற்று, டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று. எதுவும் மாறவில்லை. இப்போது “ஈசிஎம் போய்விட்டது” என்கிறார். புதியது ப்ரோகிராமிங்கோடு சேர்த்து 46,000 சொல்கிறார்கள். எலக்ட்ரிக்கல் சாமான் என்பதால் மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க முடியாது. செகண்ட் ஹேண்ட் 14,000-க்குக் கிடைக்கும் என்று இன்னொருவர் சொல்கிறார். வண்டிக்கு இன்னும் 11 மாத டியூ பாக்கி இருக்கிறது. ஈசிஎம்தான் குற்றவாளி என்று எப்படி உறுதி செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எர்த்பாயிண்ட் (ஈரோடு)
செவ்வாய், இரவு 10.25

தம்பி, பணத்தை எடுத்துவிடாதீர்கள். 22 வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். “ஈசிஎம் போச்சு” என்று என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஈசிஎம் நன்றாகவே இருந்தது. அதற்குப் போகும் கரண்ட், எர்த், இல்லை ஏதாவது ஒரு ஒயர்தான் கெட்டிருந்தது.

முதலில் அந்த இரண்டு கோடையும் சேர்த்துப் படியுங்கள். கிராங்க் சென்சாரில் எத்தனை ஒயர்? மூன்று என்றால் அது வேலை செய்ய 5 வோல்ட் வேண்டும். 5 வோல்ட் போனதால்தான் கிராங்க் சென்சார் செத்தது போலத் தெரிகிறது. தாய் பி0642, பிள்ளை பி0335. உங்கள் மெக்கானிக் பிள்ளையை மாற்றிவிட்டார். இரண்டே ஒயர் என்றால் அது தானே மின்சாரம் உண்டாக்கும் வகை, அப்போது கணக்கு வேறு.

அப்புறம் பேட்டரி. ராத்திரி நிறுத்திவைத்துக் காலையில் பார்த்தால் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5 வரை. ஓடும்போது 15-ஐத் தாண்டினால் டைனமோவின் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் புது ஈசிஎம் போட்டால் அதுவும் போய்விடும்.

எர்த் பார்க்கும் முறையைத்தான் நிறையப் பேர் தவறாகச் செய்கிறார்கள். ஓம் வைத்துப் பார்க்காதீர்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லும். இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஈசிஎம் கப்ளரின் (ஒயர்கள் வந்து செருகும் இணைப்பு) எர்த் பின்னிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பாசிட்டிவ் பக்கத்துக்கு 21 வாட் பல்பு ஒன்றை ஈசிஎம்முக்குக் கரண்ட் வரும் பின்னிலிருந்து எர்த்துக்குக் கொடுத்துப் பாருங்கள். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஒயர் பலவீனமாக இருந்தால் பல்பு மங்கி உடனே காட்டிக்கொடுக்கும். கப்ளரின் முன்பக்கமாக மீட்டர் முனையைக் குத்தாதீர்கள், பின் அகன்றுவிடும். பின்பக்கமாக ஒயரை ஒட்டி மெல்லிய ஊசியை விட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் வண்டி நின்றுபோன நிலையிலும் பார்க்க வேண்டும், அதுதான் முக்கியம். பட்டறையில் ஜம்மென்று ஓடும்போது பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

பட்டறை_நெல்லை (திருநெல்வேலி)
புதன், காலை 7.10

அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. ஒரு சம்பவம் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கும் அது என் மனதில் உறுத்துகிறது. நாலு வருடத்துக்கு முன் மீன் லோடு ஓட்டும் ஒருவரின் பிக்கப்புக்கு நானே ஈசிஎம் மாற்றிக்கொடுத்தேன். ஒரு வாரத்தில் அதே பழுதோடு திரும்ப வந்தது. கடைசியில் பார்த்தால், இன்லெட் மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒரு கிளாம்பில் ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) உரசி, டீசல் குழாயின் அழுத்தத்தைப் பார்க்கும் ரயில் பிரஷர் சென்சாருக்குப் போகும் 5 வோல்ட் ஒயர் தோல் உரிந்து இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. இன்ஜின் சூட்டில் இளகும்போது தொடும், ஆறினால் விலகும். அவருடைய பணத்தை என்னால் முழுதாகத் திருப்பித் தர முடியவில்லை.

அதனால் நின்றுபோன நேரத்தில் இதைச் செய்யுங்கள். சாவி ஆனில் இருக்கட்டும். கிராங்க் சென்சார் கப்ளரில் மீட்டரை வைத்துக்கொண்டு, 5 வோல்ட் வாங்கும் மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்: ரயில் பிரஷர், பூஸ்ட் (டர்போ காற்றழுத்தம்), ஈஜிஆர் (புகையைத் திருப்பி இன்ஜினுக்கு விடும் வால்வு), ஆக்சிலரேட்டர் பெடல். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்ப வருகிறதோ அந்தச் சென்சாரோ அதன் ஒயரோதான் இழுத்துக் கீழே தள்ளுகிறது. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால் மிச்சம் இருப்பது ஹார்னஸும் ஈசிஎம்மும்.

முருங்கைலோடு
சனி, இரவு 8.15

அண்ணன்கள் இருவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

கிராங்க் சென்சாரில் மூன்று ஒயர். பேட்டரி 12.5, ஓடும்போது 14.2. எர்த் பார்த்ததும் அதிர்ச்சி, 0.7 வோல்ட் காட்டியது. இன்ஜினிலிருந்து சேசிஸுக்கு வரும் பின்னல் எர்த் பட்டையைக் கழற்றினால் போல்ட்டுக்கு அடியில் துருவும் பெயின்ட்டும். உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்து இறுக்கியதும் 0.05 ஆகிவிட்டது. இரண்டு நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

இன்றைக்கு மடத்துக்குளம் தாண்டியதும் திரும்ப நின்றுவிட்டது.

இந்த முறை மீட்டர் கையில் இருந்தது. கிராங்க் சென்சார் கப்ளரில் 5 வோல்ட் இல்லை, பூஜ்யம். நெல்லை அண்ணன் சொன்னபடி ரயில், பூஸ்ட், ஈஜிஆர், பெடல் எல்லாம் கழற்றினேன். வரவே இல்லை. என் மச்சான் வாங்கித் தந்த சின்ன ஸ்கேனரைப் போட்டால் ஈசிஎம்மோடு தொடர்பு இல்லை என்கிறது. அரை மணி கழித்து 5 வோல்ட்டும் வந்தது, ஸ்கேனரும் பேசியது, வண்டியும் பிடித்தது.

எர்த்பாயிண்ட்
சனி, இரவு 9.02

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. அந்த எர்த்தும் ஒரு பழுதுதான், சரிசெய்தது வீண் போகாது. இப்போது சந்தேகம் ஈசிஎம் பக்கம் சாய்கிறது, ஆனாலும் இரண்டு விஷயத்தை முடிக்காமல் தீர்ப்பு சொல்லக்கூடாது.

ஒன்று, மெயின் ரிலே. நிறைய வண்டிகளில் சாவி ஆன் செய்ததும் ஈசிஎம்தான் மெயின் ரிலேவை இழுக்கும், அந்த ரிலே வழியாகத்தான் ஈசிஎம்முக்கே முழு கரண்ட் வரும். சூட்டில் ரிலே விட்டுவிட்டாலும் ஈசிஎம் செத்தது போலவே இருக்கும்: 5 வோல்ட் இல்லை, ஸ்கேனர் பேசாது. நின்ற நிலையில் ஈசிஎம் கப்ளரில் பேட்டரி நேரடி லைன், சாவி லைன், ரிலே லைன் மூன்றிலும் பல்பு போட்டுப் பாருங்கள். ரிலே லைனில் இல்லை என்றால் ரிலேவைக் கழற்றிவிட்டு அதன் சாக்கெட்டில் 30, 87 என்ற இரண்டு முனையையும் ஃபியூஸ் வைத்த ஒயரால் இணைத்துப் பாருங்கள்.

இரண்டு, கேன் லைன், அதாவது ஈசிஎம்மும் ஸ்கேனரும் பேசிக்கொள்ளும் இரட்டை ஒயர். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட்டில் 6-க்கும் 14-க்கும் நடுவே ஓம் பாருங்கள். 60 ஓம் வந்தால் லைன் நலம். 120 வந்தால் இரண்டு முனையில் ஒன்று விட்டிருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன.

சால்டர் (கோவை)
ஞாயிறு, காலை 6.50

நான் ஈசிஎம் போர்டு சர்வீஸ் செய்கிறவன். அண்ணன் சொன்ன இரண்டும் சரியாக இருந்தால், இன்ஜின் சூட்டையும் ஈசிஎம் சூட்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. காலையில் எல்லாம் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஈசிஎம்மை மட்டும் ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். கை வைத்தால் சுடும் அளவுக்குப் போதும். ஹீட் கன் வேண்டாம், போர்டு பாழாகிவிடும். அதோடு ஈசிஎம் கப்ளரையும் ஒயர்க் கட்டையும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது அணைந்தால் குற்றம் கப்ளரில்.

முருங்கைலோடு
திங்கள், மதியம் 1.30

செய்துவிட்டேன். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், இதே பழுதோடு வருகிறவர்களுக்கு உதவும்.

நேற்று வேண்டுமென்றே லோடு இல்லாமல் ஓட்டிப்போய் நிற்கவிட்டேன். மூன்று லைனிலும் பல்பு பளிச்சென்று எரிந்தது. ரிலே லைன் உட்பட. எர்த் 0.05. கேன் 61 ஓம்.

இன்று காலை 6 மணிக்கு, தெருமுனை சலூன் கடைக்காரரிடம் ஹேர் டிரையர் வாங்கி வந்தேன். எங்கள் வண்டியில் ஈசிஎம் பேட்டரிக்குப் பின்னால், ஃபயர்வால் ஓரமாக இருக்கிறது. ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டுவிட்டு, கப்ளரைப் பிடித்து ஆட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் டிரையரைப் போட்டேன். ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. அலுமினிய மூடி மேல் விரல் வைக்க முடியவில்லை. ஆறாவது நிமிடம் இன்ஜின் அணைந்தது. டெம்பரேச்சர் முள் அடியை விட்டு ஏறவே இல்லை; ரேடியேட்டர் மேல் குழாய் ஜில்லென்று இருந்தது. ஈசிஎம்மைத் தவிர வேறு எதுவும் சூடாகவில்லை. வீட்டு டேபிள் ஃபேனை எதிரில் வைத்தேன். இருபது நிமிடத்தில் பிடித்துக்கொண்டது. நம்பிக்கை வரவில்லை, மறுபடியும் செய்தேன். மறுபடியும் அணைந்தது.

எர்த்பாயிண்ட்
திங்கள், மதியம் 2.05

இனி சந்தேகமே இல்லை, ஈசிஎம்தான். இப்போதுதான் அந்த வார்த்தையைச் சொல்கிறேன். ஆனால் தம்பி, ஏன் போனது என்று தெரியாமல் புதியதை மாட்டாதீர்கள். டைனமோ 14.2 என்பதால் அது இல்லை. லோடு பாடியில் வெல்டிங் வைத்தீர்களா? பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் வெல்டிங் அடித்து ஈசிஎம் போன வண்டிகள் என் கைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. யாராவது ஜம்ப் ஸ்டார்ட் கேபிளை மாற்றிக் கொடுத்தார்களா?

சால்டர்
திங்கள், மதியம் 3.40

சாவி ஆஃப் செய்து சில நிமிடம் விட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, அப்புறம் ஈசிஎம்மை எடுங்கள். ஆஃப் செய்ததும் அது உடனே தூங்காது, தகவல்களைச் சேமித்துவிட்டுத்தான் அடங்கும். கப்ளரின் லிவரை முழுதாகத் தூக்கிவிட்டுக் கழற்றுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். எடுத்ததும் மூடி ஒட்டியிருக்கும் விளிம்பையும் உள்பக்க பின்களையும் போட்டோ எடுத்துப் போடுங்கள்.

முருங்கைலோடு
செவ்வாய், காலை 10.20

வெல்டிங் வைக்கவில்லை, ஜம்ப் கொடுக்கவும் இல்லை. போட்டோ மேலே இணைத்திருக்கிறேன். மூடி விளிம்பில் ஓர் ஓரமாக வெள்ளையாக ஏதோ பூசியிருக்கிறது, மற்ற பக்கம் கறுப்பு. கப்ளர் பின்களில் இரண்டு பச்சையாகப் பூத்திருக்கின்றன.

சால்டர்
செவ்வாய், காலை 11.15

போட்டோ பார்த்தேன். கம்பெனி பசை அந்தக் கறுப்புதான். வெள்ளை, ஜன்னல் கண்ணாடிக்குப் போடுகிற சாதாரண சிலிகான். உங்கள் ஈசிஎம்மை முன்பே யாரோ பிரித்திருக்கிறார்கள்.

இதில் இரண்டு கேடு. கத்தி விட்டு நெம்பியதில் மூடி சற்று வளைந்திருக்கிறது, அந்தச் சந்தில் ஈரம் போயிருக்கும். அதைவிடப் பெரியது அந்த சிலிகான். பூசும்போது வினிகர் வாடை அடிக்கும் வகை அது. காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். மூடிய பெட்டிக்குள் அந்த அமில ஆவி செம்புப் பாதைகளையும் பின்களையும் அரிக்கும். எலக்ட்ரானிக்ஸுக்கு அமிலம் விடாத சிலிகான்தான் போட வேண்டும். என்னிடம் வரும் போர்டுகளில் இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு குடும்பத்தின் பிழைப்பையே நிறுத்திவிடுகிறார்கள்.

ஈசிஎம்மைப் பிரிப்பதற்குப் பொதுவாக இரண்டே காரணம்தான். ரிப்பேர், இல்லை இழுவை கூட்டுவதற்காக உள்ளே இருக்கும் ஃபைலை (சாஃப்ட்வேரை) மாற்றுவது. முன்னாள் உரிமையாளரைக் கேட்டுப் பாருங்கள்.

முருங்கைலோடு
செவ்வாய், மாலை 5.45

கேட்டேன். மலைப்பாதையில் லோடோடு ஏற இழுவை போதவில்லை என்று மூன்று வருடத்துக்கு முன் ஒருவரிடம் கொடுத்து “ட்யூனிங்” செய்ததாக ஒப்புக்கொண்டார். வாங்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், பதில் இல்லை.

இனி என்ன செய்யலாம்? ரிப்பேர், செகண்ட் ஹேண்ட், புதியது. வேலை நின்று நாலு நாளாகிறது.

டபுள்கெப் (யாழ்ப்பாணம்)
செவ்வாய், இரவு 8.30

வணக்கம். இங்கே எங்களிடம் ஜப்பான் டபுள் கெப்கள்தான் அதிகம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஈசியூ (நீங்கள் சொல்லும் ஈசிஎம்) கிடைக்கும், நானும் வாங்கி மாட்டியிருக்கிறேன். 90களின் வாகனம் என்றால் பிரச்சினை குறைவு. லேபிளில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்திருந்தால் மாட்டி ஓடலாம், ஏனென்றால் பெரும்பாலானவற்றில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆக விடாத பூட்டு) கிடையாது. அவற்றில் போர்டில் உள்ள கெப்பாசிட்டர் கசிவதுதான் வழக்கமான வருத்தம், அதை மாற்றினாலே பல உயிர் பெற்றுவிடும்.

ஆனால் சாவியில் சிப் வந்த பிறகு கதை வேறு. என் நண்பர் ஒருவர் பார்ட் நம்பர் பார்த்து வாங்கி மாட்டினார், ஸ்டார்ட் ஆகவில்லை. ஈசியூ, இம்மொபிலைசர் பெட்டி, சாவி மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துகொண்டால்தான் டீசல் விடும். ஒரே வாகனத்திலிருந்து மூன்றையும் செட்டாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பழையதில் இருப்பதை அப்படியே புதியதில் ஏற்ற வேண்டும். தம்பி 14,000 என்று கேட்டதும் எடுத்துவிடாமல் இதை விசாரியுங்கள்.

சால்டர்
செவ்வாய், இரவு 9.20

யாழ்ப்பாண நண்பர் சொல்வதுதான் குளோனிங். உங்கள் ஈசிஎம் குளிர்ந்த நிலையில் உயிரோடு இருப்பதால் உள்ளே உள்ளது அத்தனையையும் படித்து, அதே ஹார்டுவேர் நம்பர் உள்ள செகண்ட் ஹேண்டில் எழுதிவிடலாம். சாவி, சேசிஸ் நம்பர், இன்ஜெக்டர் கோடு எல்லாம் கூடவே வந்துவிடும். வழக்கமாக நான் இதைத்தான் சொல்வேன், செலவு பாதிதான்.

உங்கள் வண்டிக்குச் சொல்ல மாட்டேன். குளோன் செய்தால் அந்த ட்யூனிங் ஃபைலும் சேர்ந்துதான் வரும். அதில் ரயில் பிரஷரையும் டீசல் அளவையும் எவ்வளவு ஏற்றியிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. டர்போவும் இன்ஜெக்டரும் அந்த அதிக வேலையைத் தினமும் தாங்க வேண்டும். வண்டி பிஎஸ்4 என்று சான்று பெற்றது ஒரிஜினல் ஃபைலோடுதான். போர்டு ரிப்பேரும் வேண்டாம். அமிலம் தின்ற போர்டில் இன்றைக்கு ஒரு பாதையை ஒட்டவைத்தால் ஆறு மாதத்தில் பக்கத்துப் பாதை விடும். எனக்கு வரும் வேலையை நானே வேண்டாம் என்கிறேன், புதியது போடுங்கள்.

பட்டறை_நெல்லை
புதன், காலை 6.40

நானும் அதையே சொல்வேன். வண்டியை எடுத்துப்போகும்போது மூன்று விஷயம் மறக்காதீர்கள். வீட்டில் இருக்கும் ஸ்பேர் சாவியையும் கொண்டுபோங்கள்; பல வண்டிகளில் சாவி பதிவு செய்யும் நேரத்தில் இல்லாத சாவி அதன்பின் வேலை செய்யாது. பழைய ஈசிஎம்மை மாட்டிக் குளிர்ந்த நிலையிலேயே அதில் உள்ள தகவலைப் படித்து எடுக்கச் சொல்லுங்கள். கப்ளரில் பச்சை பூத்த அந்த இரண்டு பின்னின் எதிர்ப் பின்கள் ஹார்னஸிலும் அரித்திருக்கும், அவற்றை மாற்றாமல் புது ஈசிஎம்மைச் செருகாதீர்கள்.

முருங்கைலோடு
சனி, இரவு 10.10

போட்டாயிற்று. 44,200 ஆனது, பின் மாற்றியதற்குத் தனியாக 600. மனைவியின் சீட்டுப் பணத்தை எடுத்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஹார்னஸ் பக்கம் பார்த்தால் நெல்லை அண்ணன் சொன்னது போலவே இரண்டு பின் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. இரண்டையும் வெட்டிப் புதிது கிரிம்ப் செய்தார்கள். புது ஈசிஎம்மை வைத்து லிவரை அழுத்தியதும், ப்ரோகிராமிங் தொடங்குவதற்கு முன் பேட்டரியில் சார்ஜர் மாட்டினார்கள். நடுவில் வோல்ட் இறங்கினால் எழுதுவது பாதியில் நின்று புது ஈசிஎம்மே வீணாகிவிடும் என்று அந்த டெக்னீஷியன் சொன்னார். ஏசி ஃபேன், லைட், கதவு எதையும் தொட விடவில்லை. சாஃப்ட்வேர் ஏறி முடிய அரை மணி நேரம் ஆனது. அப்புறம் சேசிஸ் நம்பர், சாவி இரண்டும்.

ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஐடிலில் வண்டி நடுங்கியது. கியர் லிவர் கையில் தட்டியது. என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு டெக்னீஷியன் இன்ஜெக்டர் கோடுகளைத் திறந்தார். பழைய ஈசிஎம்மில் இருந்ததைத்தான் அப்படியே ஏற்றியிருந்தார். ஒவ்வொரு இன்ஜெக்டரும் டீசல் விடும் அளவில் மயிரிழை வித்தியாசம் இருக்குமாம். அதற்கான திருத்தக் கோடு அதன் தலையிலேயே பொறித்திருக்கும். மேல் மூடியைக் கழற்றி, துணியில் டீசல் தொட்டுக் கரியைத் துடைத்து, போன் டார்ச்சில் நான்கையும் படித்தோம். மூன்றாவது இன்ஜெக்டரின் கோடு ஈசிஎம்மில் இருந்ததோடு பொருந்தவில்லை. எப்போதோ யாரோ இன்ஜெக்டரை மாற்றிவிட்டுக் கோடை ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள். சரியானதை எழுதியதும் நடுக்கம் அடங்கியது. கியர் லிவர் மேல் கை வைத்துப் பார்த்தேன், அமைதியாக நின்றது. வாங்கிய நாளிலிருந்து இந்த வண்டி இவ்வளவு மிருதுவாக ஓடி நான் பார்த்ததில்லை.

புதுவண்டி (ஓசூர்)
ஞாயிறு, காலை 9.15

படித்துக்கொண்டே வந்தேன், மிகவும் பயனுள்ளது. என்னுடையது 2021 பிஎஸ்6 பிக்கப். இதே வேலைதானா, கூடுதலாக ஏதாவது உண்டா?

எர்த்பாயிண்ட்
ஞாயிறு, காலை 10.00

2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான பிஎஸ்6 டீசல் பிக்கப்களில் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கும். அதில் எவ்வளவு கரியும் சாம்பலும் சேர்ந்திருக்கிறது என்ற கணக்கு ஈசிஎம்மில்தான் இருக்கிறது. ஈசிஎம் மாற்றும்போது அந்தக் கணக்கையும் பழையதிலிருந்து புதியதுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நிறைந்திருக்கும் ஃபில்டரை ஈசிஎம் காலி என்று நினைத்துக்கொண்டு ஓடும். பழையது பேசும் நிலையில் இருக்கும்போதே படித்து வைத்துக்கொள்வது உங்கள் வண்டியில் இன்னும் முக்கியம். மற்றபடி சோதனை எல்லாம் ஒன்றுதான்.

முருங்கைலோடு
மூன்று வாரம் கழித்து, வியாழன் இரவு 9.30

2,600 கி.மீ. ஓட்டிவிட்டேன். திருச்சூருக்குச் சில நடை, ஒருமுறை மழையில். ஒருமுறையும் நிற்கவில்லை. இழுவை முன்பைவிடச் சற்றுக் குறைவுதான், மேட்டில் ஒரு கியர் இறக்க வேண்டியிருக்கிறது. ஆனால் லோடோடு ஏறும்போது வந்த கரும்புகை நின்றுவிட்டது, லிட்டருக்கு அரை கி.மீ. கூடக் கொடுக்கிறது. வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது ஈசிஎம் மேல் ஒரு பாலித்தீன் உறையைக் கட்டிவிட்டுத்தான் விடுகிறேன், பிரஷர் கன்னை அந்தப் பக்கம் காட்ட வேண்டாம் என்று பையனிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

கோவை அண்ணா, பழைய ஈசிஎம் வீட்டில் சும்மாதான் இருக்கிறது. உங்களிடம் வேலை பழகும் பையன்களுக்கு அந்த அரித்த போர்டைக் காட்ட உதவும் என்றால் திங்கட்கிழமை கோவை லோடு இருக்கிறது, உக்கடத்தில் இறக்கிவிட்டுக் கொண்டுவந்து தருகிறேன்.

சால்டர்
வியாழன், இரவு 9.50

கண்டிப்பாகக் கொண்டுவாருங்கள் தம்பி. பிரித்துப் பார்ப்பதை உங்கள் முன்னாலேயே செய்கிறேன். காலை 11-க்கு மேல் கடையில் இருப்பேன்.